போர்நிறுத்தத் தீர்மானம்: எங்கள் சபையில் இரண்டு மாதம் இழுபட்ட கதை

காசாவில் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் தேவாலயச் சபை 2024 மார்ச்சில் தீர்மானம் எடுத்தது. ஜனவரியிலேயே எடுத்திருக்கலாம். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நான் வட்டுக்கோட்டைப் பக்கம். 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனை அனுப்பிய கொங்கிரிகேஷனல் மரபிலேயே, இங்கே மாசசூசெட்ஸில் நான் போகும் சபையும் இருக்கிறது. இந்த மரபில் மேலிருந்து கட்டளை வராது. தேசிய மாநாடு என்ன முடிவெடுத்தாலும் அது எங்களைக் கட்டுப்படுத்தாது. சபையின் பெயரில் ஒரு வரி வெளியே போகவும் அங்கத்தவர்கள் கூடி வாக்களிக்க வேண்டும்.

2009இல் அண்ணாவின் குடும்பம் வன்னியில் அகப்பட்டிருந்தபோது, அப்போது போன தேவாலயத்தில் எழுந்து நின்று அழுதேன். எல்லோரும் ஜெபித்தார்கள். அதோடு முடிந்தது. தீர்மானம் என்று ஒன்றைக் கேட்கலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

இந்த முறை இரண்டு இரவில் வரைவு தயார். போதகரும் சம்மதித்தார். முதலில் பயந்தவர் பொருளாளர்: வரிவிலக்குப் போய்விடுமாம். நீங்களும் இப்படியொரு தீர்மானம் கொண்டுவந்தால் இதைக் கட்டாயம் உங்களிடமும் கேட்பார்கள். வரிவிலக்குப் பெறும் அமைப்புகளுக்கு 1954இல் வந்த விதி தடுப்பது தேர்தல் வேட்பாளரை ஆதரிப்பதையும் எதிர்ப்பதையும்தான். போரை நிறுத்து என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. விதியை அச்செடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் அவர் அமைதியானார்.

ஜனவரிக் கடைசி ஞாயிறு கூட்டம். தேவை 35 பேர், பனியில் வந்து சேர்ந்தது 31. 35 பேரும் வந்திருந்தாலும் கூட்டம் செல்லாதாம்: அறிவித்தல் இரண்டு ஞாயிறு வாரமடலில் வந்திருக்க வேண்டும், சபை அலுவலகம் மின்னஞ்சலில் மட்டும் அனுப்பியிருந்தது. "எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததுதானே" என்று சொல்லிவிட்டு அங்கிருந்தவர் தன் வேலையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கொதித்தேன். "இப்ப கோவிச்சு என்ன செய்யிறது? யாப்பை எடுத்து முழுக்க வாசியுங்கோ" என்றா மனைவி. யாப்பு என்றால் சபையின் சட்டவிதிகள். முதலே செய்திருக்க வேண்டிய வேலை. நீங்கள் தொடங்கும் நாளன்றே வாசித்துவிடுங்கள்.

வரைவில், காசா சுகாதார அமைச்சின் கணக்குப்படி கொல்லப்பட்டோர் '25,000க்கு மேல்' என்று இருந்தது. மார்ச் கூட்டத்துக்கு அதை '30,000க்கு மேல்' என்று திருத்தினேன். தவறிப்போன அறிவித்தலுக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் போன உயிர்கள் அவை.

கூட்டத்தில் ஒரு முதியவர் எழுந்து, அக்டோபர் 7இல் கொல்லப்பட்ட 1,200 பேர் பற்றியும் பணயக் கைதிகள் பற்றியும் ஏன் ஒரு சொல்கூட இல்லை என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அந்த இடத்திலேயே சேர்த்தோம். 'நிரந்தர' என்ற சொல்லை எடுக்கச் சொன்னபோது மட்டும் நான் விடவில்லை. மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு திரும்ப விழும் குண்டும் குண்டுதான். இரகசிய வாக்கெடுப்பு: ஆதரவு 41, எதிர்ப்பு 9.

தீர்மானத்தோடு அமெரிக்கக் காங்கிரஸ் பிரதிநிதிக்கு அனுப்பும் கடிதத்தை வாஷிங்டனுக்குத் தபாலில் போடாதீர்கள். 2001இல் தபாலில் அந்திராக்ஸ் கிருமி அனுப்பிய தாக்குதலுக்குப் பிறகு காங்கிரஸ் அலுவலகங்களுக்குப் போகும் தபாலெல்லாம் சோதனைக்குப் போய்த் தாமதமாகத்தான் கிடைக்கும். எங்கள் பிரதிநிதியின் உள்ளூர் அலுவலகத்துக்கு நேரே போனேன். முன்பதிவு இல்லாமல் பார்க்க மாட்டோம் என்று கதவிலேயே ஒட்டியிருந்தார்கள், அரைநாள் லீவு வீண். இரண்டாம் முறை நேரம் குறித்துப் போய், வெளிநாட்டு அலுவல்களைக் கவனிக்கும் உதவியாளரின் மின்னஞ்சலையும் கேட்டு வாங்கினேன். வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பதிலாக ஒரு பொதுக் கடிதம் வந்தது. அதற்குள் பக்கத்து ஊர்ச் சபையொன்று எங்கள் தீர்மானத்தின் பிரதியைக் கேட்டது. எண்ணிக்கை இருந்த இடத்தை வெறுமையாக விட்டு, கூட்டம் நடக்கும் நாளன்று நிரப்பச் சொல்லி அனுப்பினேன்.