அரிப்பு எந்த இடத்தில் என்று பார்த்துவிட்டு நாப்கினை மாற்றுங்கள்

பீரியட்ஸ் நாட்களில் அரிப்போ எரிச்சலோ வந்தால் எல்லோரும் முதலில் பிராண்டைத்தான் மாற்றுகிறார்கள். அதற்கு முன் ஒரு கைக்கண்ணாடியை வைத்து எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

தொடை இடுக்கில் நாப்கினின் ஓரம் படும் கோடு நெடுகச் சிவந்திருந்தால் அது பெரும்பாலும் உரசல். அகலம் குறைந்த, ஓரம் மெத்தென்று இருக்கும் நாப்கினுக்கு மாறலாம். வெளியே கிளம்பும் முன் அந்த இடத்தில் வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவினாலும் போதும். (லேட்டக்ஸ் காண்டம் பயன்படுத்தும் நாளில் மட்டும் வேண்டாம், எண்ணெய்ப்பசை அதைப் பலவீனமாக்கிவிடும்.) நாப்கின் படும் இடம் முழுக்கச் சிவந்து அதன் விளிம்போடு நின்றுவிட்டால், மேல்தாளையோ (தோலில் படும் தாள்) வாசனையையோ சந்தேகிக்க வேண்டும். ஈரத்தோடு அதிக நேரம் வைத்திருந்தாலும் இப்படி ஆகும். யோனி இதழ்களின் மடிப்புகளுக்குள்ளும் எரிந்தால் நாப்கினைக் குறை சொல்லிப் பயனில்லை. மடிப்புக்குள் வழிந்து தங்குவது அந்தரங்கப் பகுதிக்கென விற்கும் வாஷ், சோப்பு, வைப்ஸ் (ஈரத்தாள்) போன்றவைதான்; அல்லது தொற்றாக இருக்கலாம்.

மேல்தாளில் மூன்று வகை உண்டு. துளை போட்ட பிளாஸ்டிக் தாள் ஈரத்தைச் சட்டென்று உள்ளே விடும், ஆனால் வியர்வையில் தோலோடு ஒட்டும். துணி போலத் தெரியும் நான்-வோவன் தாளும் பாலிப்ரோப்பிலீன் போன்ற செயற்கை இழைதான், என்றாலும் உரசல் குறைவு. காட்டன் மேல்தாள் தோலுக்கு இதமானது, ஆனால் ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதை வாங்கினால் சீக்கிரம் மாற்றத் தயாராக இருக்க வேண்டும். "காட்டன் போன்ற" என்று அச்சிட்டிருந்தால் காட்டன் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மரக்கூழும், ஈரம் பட்டால் ஜெல்லாகும் சோடியம் பாலிஅக்ரிலேட் மணிகளும் இருக்கும். ஜெல் மேலே பிதுங்கி வந்தால் நாப்கின் கிழிந்திருக்கிறது அல்லது மாற்றும் நேரம் தாண்டிவிட்டது. உதிரம் குறைவான நாளிலும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. "12 மணி நேரப் பாதுகாப்பு" என்பது உறிஞ்சும் அளவைப் பற்றிய பேச்சு. தோல் அவ்வளவு நேரம் தாங்குமா என்பது வேறு விஷயம்.

வெள்ளை நிறத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். குளோரின் வாயுவால் வெளுத்த காலத்தில் டையாக்சின் என்ற நச்சுப்பொருளின் எச்சம் பற்றிய கவலை இருந்தது. இப்போது பெரும்பாலும் குளோரின் டையாக்சைடோ ஹைட்ரஜன் பெராக்சைடோ பயன்படுகிறது. "முற்றிலும் குளோரின் இல்லாத" என்று இருந்தால் பெராக்சைடு போன்ற முறை. என் கணக்கில் வெளுப்பை விட வாசனைதான் பெரிய தொல்லை. உட்பொருள் பட்டியலில் "பர்ஃப்யூம்" என்ற ஒரே சொல்லுக்குள் பல வேதிப்பொருட்கள் அடங்கிவிடும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. "அன்சென்டட்" என்று எழுதியதிலும் மணத்தை மறைக்கும் மணப்பொருள் இருக்கலாம். "ஃபிராகிரன்ஸ் ஃப்ரீ" என்று இருப்பதைத் தேடுங்கள்.

கழுவும் விஷயத்துக்கு வருவோம். யோனியின் உட்பகுதியில் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரந்து, பிஎச் (அமிலத்தன்மை) அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கின்றன. சாதாரண சோப்பின் பிஎச் 9, 10 என்று இருக்கும். உள்ளே எதையும் பீய்ச்சிக் கழுவக் கூடாது. அப்படிச் செய்பவர்களுக்கு பாக்டீரியல் வஜினோசிஸ் (யோனியின் பாக்டீரியாச் சமநிலை குலைவது) அதிகம் வருகிறது. வெளிப்பக்கத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும். நாளுக்கு ஒரு தடவை, பீரியட்ஸில் இரண்டு தடவை, விரலால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வாஷ் இல்லாமல் முடியாது என்பவர்கள் சோப்பும் வாசனையும் இல்லாததாக, பிஎச் 4 முதல் 5.5 வரை உள்ளதாகப் பார்த்து, சில துளிகளை வெளித்தோலில் மட்டும் போடலாம். ஹெர்பல் என்பதால் மென்மையாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். டீ ட்ரீ ஆயில் நன்கு அறியப்பட்ட ஒவ்வாமைப் பொருள்.

வைப்ஸில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற, ஒவ்வாமை தரக்கூடிய பதப்படுத்தி இருக்கிறதா என்று பாருங்கள். கழுவாமல் தோலிலேயே விடும் பொருட்களில் ஐரோப்பிய ஒன்றியம் அதை 2017-லேயே தடை செய்துவிட்டது. டால்கம் பவுடர் அந்தப் பக்கமே வேண்டாம். பேன்டி லைனரைத் தினமும் வைப்பதை விட உள்ளாடையை ஒரு தடவை கூடுதலாக மாற்றுவது மேல்.

யோனிக்குள் வைக்கும் டாம்பான் என்றால் உதிரத்துக்குப் போதுமான மிகக் குறைந்த உறிஞ்சுதிறன், அதிகபட்சம் 8 மணி நேரம். 1980-ல் அமெரிக்காவில் டாக்சிக் ஷாக் சிண்ட்ரோம் (பாக்டீரியா நச்சால் வரும், உயிருக்கு ஆபத்தான நோய்) பரவியபோது அதிகம் உறிஞ்சும் டாம்பான்களோடுதான் அது தொடர்புபட்டிருந்தது. திடீர்க் காய்ச்சல், தலைசுற்றல், வெயில் பட்டது போன்ற சிவப்பு வந்தால் உடனே எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மென்சுரல் கப்பில் மணம் வந்தால் கப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, விளிம்புக்குக் கீழே உள்ள காற்றுத்துளைகள் அடைத்திருக்கலாம். கப் நிறையத் தண்ணீர் பிடித்து, வாயை உள்ளங்கையால் மூடிப் பிதுக்குங்கள். துளை வழியே தண்ணீர் பீய்ச்சி அடைப்பை எடுத்துவிடும். பிறகு 5 நிமிடம் கொதிக்கவையுங்கள், பாத்திரத்தின் அடியில் ஒட்டவிடாமல். காப்பர்-டி வைத்திருப்பவர்கள் காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடிப்பாகத்தை அழுத்தி உறிஞ்சுபிடியை விடுவித்த பிறகே எடுக்க வேண்டும், இல்லையென்றால் காப்பர்-டியும் கூடவே நகரலாம்.

துணி நாப்கினைப் பச்சைத்தண்ணீரில் ஊறவையுங்கள். சுடுதண்ணீர் ரத்தத்தின் புரதத்தை இறுக்கிக் கறையை நிலைக்கவைத்துவிடும். டிடர்ஜென்ட் நுரை போகும்வரை அலசி, ஃபேப்ரிக் சாஃப்ட்னர் சேர்க்காமல், ஈரம் துளியும் இல்லாதபடி வெயிலில் உலர்த்துங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு சுழற்சியாவது பாருங்கள். வாஷும் நாப்கினும் டிடர்ஜென்டும் ஒன்றாக மாறினால் குற்றவாளி யாரென்று தெரியாது. தயிர்த்திரி போன்ற வெள்ளைப்படுதல், மீன்வாடை, பச்சை நிறம், புண், அடிவயிற்று வலி இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். போவதற்கு முன் கிரீமோ வாஷோ போடாமல் போனால்தான் பரிசோதனையில் உண்மையான நிலை தெரியும்.