338 வாக்கியங்களும் ஒரு போன் அழைப்பும்

2010இல் ஆப்கானிஸ்தானின் காந்தகார் மாகாணத்தில், அர்கன்தாப் பள்ளத்தாக்கில், அமெரிக்கத் தரைப்படையின் மெடிக்காக, அதாவது களத்தில் காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்யும் வீரனாக, இருந்தேன். மாதுளந்தோப்பும் மண்சுவருமான ஊர். கால் வைக்கும் இடமெல்லாம் கண்ணிவெடி. அங்கே ஒருவனை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

நாடு திரும்பிப் பல வருடம் கழித்துத்தான் அந்த மன அதிர்ச்சிக்குச் சிகிச்சை பெறப் போனேன். மூன்றாவது அமர்வோடு நின்றுவிட்டேன். மருத்துவமனையிலிருந்து போன் செய்தபோது எடுக்கவில்லை. கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஓடியது.

மனைவி கெஞ்சியதால் மறுபடி போனேன். இந்த முறை வேறொரு உளவியலாளர். பேச்சைத் தொடங்குமுன் எம்.எம்.பி.ஐ-2-ஆர்.எஃப் என்ற ஆளுமைச் சோதனையை எழுதச் சொன்னார். கணினியில் 338 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று குறிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்களாம். நான் அதைத் தாண்டியும் உட்கார்ந்திருந்தேன். மிகைப்படுத்துகிறவர்களைக் கண்டுபிடிக்கும் அளவுகோல்களும் அதில் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். முன்னாள் வீரர்களுக்கான உதவித்தொகைக்காக நடிக்கிறான் என்று முடிவு வந்துவிட்டால்? அந்தப் பயத்தில் சில பதில்களை மாற்றி மாற்றிப் போட்டேன்.

அடுத்த வாரம் வரைபடத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். மதிப்பெண் 50 என்றால் சராசரி. 65இல் ஒரு கோடு, அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். "முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மனிதர்களை விட்டு ஒதுங்குவது, யாரையும் நம்பாதது, இரண்டும் கோட்டுக்கு மேலே இருந்தன.

"இப்படி ஒதுங்குகிறவருக்கு, சிகிச்சை கடினமாகும்போது எழுந்து போய்விடத் தோன்றும். அன்றைக்கு ரத்து செய்யாதீர்கள், எனக்கு போன் போடுங்கள்."

முன்பு நான் ஓடியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. இந்தச் சோதனையை எழுதுகிறவர்கள், முடிவை எதிரே உட்கார்ந்து விளக்கும்படி கண்டிப்பாகக் கேளுங்கள். அது கோப்புக்குள் போய்விட்டால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

பிறகு காக்னிட்டிவ் பிராசசிங் தெரபி, அதாவது நடந்ததைப் பற்றி நமக்குள் உறைந்துபோன எண்ணங்களை எழுதிப் பார்த்துச் சோதிக்கும் பேச்சுச் சிகிச்சை, 12 அமர்வுகள். அந்தச் சாவு ஏன் நடந்தது என்று வீட்டில் எழுதி வர வேண்டும். நான் எழுதியது ஒரே வரி: 'நான் தாமதித்ததால் செத்தான்.' நான்காவது அமர்வன்று மருத்துவமனை வாசலில் காரை விட்டு இறங்க முடியவில்லை. சாவியைத் திருகப் போனவன், அவர் சொன்னது நினைவுக்கு வந்து போன் போட்டேன். "காரிலேயே இருங்கள், பேசலாம்" என்றார். பத்து நிமிடம் பேசினோம். உள்ளே போனேன்.

அன்று அவர் கேட்டது: "அந்த நிமிடத்தில் உங்களுக்குத் தெரிந்தது என்ன? பிறகு தெரியவந்தது என்ன?" தாளை இரண்டாக மடித்து எழுதினேன். முதல் பாதியில் வந்தது இவ்வளவுதான்: புகை. கீழே மூன்று பேர். மெடிக் ஒருவன்.

அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் அழுதேன்.

மன அதிர்ச்சியின் அறிகுறிகளை அளக்கும் பி.சி.எல்-5 என்ற 20 கேள்விப் பட்டியலில் 80க்கு 57இல் தொடங்கினேன், கடைசி அமர்வில் 30. எண் குறைந்தால் நல்லது. தூக்கம் இன்னும் சரியாகவில்லை. அதற்குத் தனிச் சிகிச்சை அடுத்த மாதம் தொடங்குகிறது. தேதி வாங்கிவிட்டேன்.