நிறுவியாச்சு, மெனுவில் எங்கே?

முப்பரிமாண உருவங்களும் அசைவூட்டமும் செய்ய உதவும் பிளெண்டர் நிரலின் புதிய பதிப்பு எனக்குத் தேவைப்பட்டது. என் லினக்ஸ் டிஸ்ட்ரோ (லினக்ஸ் விநியோகம்) நிரல்களை வழங்கும் களஞ்சியத்தில் இருந்ததோ பழையது. அதனால் சுருக்கப்பட்ட தொகுப்பாகக் கிடைப்பதை இறக்கி, ஹோம் ஃபோல்டருக்குள் விரித்துவைத்தேன். டெர்மினலில் பாதையைக் கொடுத்து அழைத்தால் உடனே திறந்தது. நான் பயன்படுத்தும் டெஸ்க்டாப் சூழலான க்னோமின் செயலி மெனுவில் பெயரைத் தட்டினால் மட்டும் ஒன்றும் வரவில்லை. வெளியேறி மறுபடி உள்ளே வந்தும் அதே நிலைதான்.

இதைத் தீர்க்கப் போய்த்தான் மெனு எப்படி உருவாகிறது என்று முழுதாகப் படித்தேன். வட்டில் என்னென்ன நிரல்கள் உள்ளன என்று மெனு தேடுவதே இல்லை. சில குறிப்பிட்ட ஃபோல்டர்களில் ‘டாட் டெஸ்க்டாப்’ என்று பெயர் முடியும் சிறிய உரைக் கோப்புகள் இருக்கும். அவற்றைப் படித்துத்தான் அது பட்டியல் போடுகிறது. ஆக, நிரல் கணினியில் இருப்பது ஒரு வேலை. மெனுவில் வருவது இன்னொரு வேலை. களஞ்சியத்திலிருந்து நிரல்களை இறக்கித் தரும் ஏபிடி, டிஎன்எஃப் போன்ற தொகுப்பு மேலாளர் வழியே நிறுவினால் இரண்டும் சேர்ந்தே நடந்துவிடும். கையால் விரித்தால் இரண்டாவது வேலையை நாம்தான் செய்யவேண்டும்.

இந்தக் கோப்பின் அமைப்பை வரையறுத்திருப்பது, 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் திட்டம். க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ ஆகிய டெஸ்க்டாப் சூழல்கள் எல்லாமே அந்த வரையறையைப் பின்பற்றுகின்றன. ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் நாளைக்கு வேறு டெஸ்க்டாப்புக்கு மாறினாலும் அதே கோப்பு வேலை செய்யும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

கணினியில் உள்ள எல்லாப் பயனர்களுக்குமான கோப்புகள் ‘யூஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்’ ஃபோல்டரில் இருக்கும். நமக்கு மட்டும் போதுமென்றால், ஹோமுக்குள் மறைந்திருக்கும் ‘டாட் லோக்கல்’ ஃபோல்டரில் ‘ஷேர்/அப்ளிகேஷன்ஸ்’. இரண்டாவதுக்கு நிர்வாகி அனுமதி வேண்டாம், அதனால் நான் எப்போதும் அதையே தேர்ந்தெடுக்கிறேன். (பாதைகள், கட்டளைகள், வரிப்பெயர்கள் எல்லாவற்றையும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும்.)

பிளெண்டர் தொகுப்புக்குள்ளேயே ஒரு டெஸ்க்டாப் கோப்பும் எஸ்விஜி என்ற பட வடிவத்தில் ஒரு சின்னமும் இருந்தன. கோப்பை என் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்தேன். மெனுவில் அப்போதும் வரவில்லை, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. காரணம் ‘எக்ஸெக்’ வரி. எந்தக் கட்டளையை இயக்கவேண்டும் என்று சொல்லும் வரி அது. அதில் ‘பிளெண்டர்’ என்ற பெயர் மட்டும் இருந்தது. வெறும் பெயர் இருந்தால், நிரல்களை எங்கே தேடவேண்டும் என்று சொல்லும் ‘பாத்’ பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில்தான் அந்த நிரல் தேடப்படும். நான் விரித்துவைத்த இடமோ அந்தப் பட்டியலில் இல்லை. எக்ஸெக் வரி சொல்லும் நிரல் கிடைக்காவிட்டால் க்னோம் அந்தப் பதிவையே ஒதுக்கிவிடுகிறது. சொடுக்கினால் திறக்காத சின்னமாகக்கூடக் காட்டுவதில்லை. இந்த மௌனம்தான் இந்த விஷயத்தில் ஆளை அதிகம் அலைக்கழிப்பது என்பேன். கோப்பே இல்லாததும், இருந்தும் ஒதுக்கப்பட்டதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

எக்ஸெக்கில் முழுப் பாதையையும் எழுதிச் சேமித்ததும், சில நொடிகளில் பெயர் மெனுவில் வந்தது. மறுபடி உள்நுழையத் தேவைப்படவில்லை. முழுப் பாதை என்றால் முதல் சாய்கோட்டிலிருந்து முழுதாக எழுதவேண்டும். ஹோமைக் குறிக்க டெர்மினலில் போடும் அலைக்கோடு இங்கே செல்லாது, டாலர் குறியோடு எழுதும் ‘ஹோம்’ மாறியும் செல்லாது. அவற்றை விரித்துப் பொருள்கொள்வது, டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்; மெனுவோ கட்டளையை ஷெல் வழியாக இயக்குவதில்லை. வரியின் கடைசியில் இருந்த சதவீதக் குறியையும் ‘எஃப்’ எழுத்தையும் அப்படியே விட்டுவிட்டேன். கோப்பு மேலாளரில் ஒரு பிளெண்டர் கோப்பைத் திறக்கும்போது அதன் பாதை அந்த இடத்தில்தான் போய்ச் சேரும்.

சின்னம் எளிது. ‘ஐகான்’ வரியில் எஸ்விஜி கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் போதும். வெறும் பெயர் கொடுத்தால் நடப்பிலுள்ள சின்னத் தொகுப்பிலும், அதில் இல்லையென்றால் ‘ஹைகலர்’ என்ற பொதுத் தொகுப்பிலும் தேடும்.

புதிதாகக் கோப்பு எழுதுபவர்கள் ‘டெஸ்க்டாப்-ஃபைல்-வாலிடேட்’ கட்டளையைக் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். கோப்பு சரியாக இருந்தால் அது எதுவும் சொல்லாது. தலைப்பு வரி விடுபட்டது, மெனுப் பிரிவைச் சொல்லும் ‘கேட்டகரீஸ்’ வரியின் கடைசியில் அரைப்புள்ளி இல்லாதது போன்றவற்றை எல்லாம் எடுத்துக்காட்டிவிடும். நிரல் திறக்கிறதா என்று மெனுவைத் தொடாமலே பார்க்க ‘ஜிடிகே-லாஞ்ச்’ இருக்கிறது, கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். ‘அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ்’ கட்டளையையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். எந்த வகைக் கோப்பை எந்த நிரல் திறக்கும் என்ற பட்டியலைத்தான் அது புதுப்பிக்கிறது. மெனுவில் வராத பெயரைக் கொண்டுவராது. கேடிஇ பிளாஸ்மா 6-இல் மெனு பழையதாகவே நின்றால் ‘கேபில்ட்சைகோகா6’ கட்டளை உதவும்.

இன்னொரு நிரல் வேறு விதமாகப் பிடிகொடுக்கவில்லை. அதைக் களஞ்சியத்திலிருந்தே முறையாக நிறுவியிருந்தேன். யூஎஸ்ஆர் பக்கத்தில் கோப்பு இருந்தது, எக்ஸெக்கும் சரி, வாலிடேட்டும் மௌனம். ஹோம் பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது: அதே பெயரில் ஒரு பழைய டெஸ்க்டாப் கோப்பு அங்கே கிடந்தது, உள்ளே, மெனுவில் காட்டாதே என்று சொல்லும் ‘நோடிஸ்பிளே=ட்ரூ’ வரி. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஹோமில் உள்ளதே செல்லும், மற்றது பார்க்கப்படாது. அதை நீக்கியதும் நிரல் மெனுவுக்குத் திரும்பியது. ‘ஹிடன்’, ‘ஒன்லிஷோஇன்’, ‘நாட்ஷோஇன்’ ஆகிய வரிகளும் இப்படி மறைக்கக்கூடியவை. கேடிஇக்கு மட்டும் என்று குறித்த செயலி க்னோம் மெனுவில் தலைகாட்டாது.

எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும்படி செயலிகளைத் தரும் ஃப்ளாட்பேக்கில் முதல் செயலியை நிறுவியவுடன் அது வராவிட்டால், பெரும்பாலும் வெளியேறி உள்ளே வந்தாலே போதும். அதன் கோப்புகள் ‘வார்/லிப்/ஃப்ளாட்பேக்’ என்பதற்குள் தனி இடத்தில் இருக்கின்றன. அந்த இடம், மெனு தேடும் இடங்களைச் சொல்லும் ‘எக்ஸ்டிஜி டேட்டா டிர்ஸ்’ என்ற சூழல் மாறியில் சேர்வது உள்நுழையும்போதுதான். உள்நுழையும்போது படிக்கப்படும் உங்கள் புரொஃபைல் கோப்பில் இந்த மாறிக்கு நீங்களே மதிப்புக் கொடுத்திருந்தால், பழைய மதிப்பையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃப்ளாட்பேக் செயலிகள் மொத்தமாக மெனுவிலிருந்து போய்விடும்.

கடைசியாக, நானே செய்துகொண்ட ஒன்று. டெஸ்க்டாப் கோப்பில் ‘நேம்’ வரிக்குக் கீழே, சதுர அடைப்புக்குள் ‘டிஏ’ என்ற மொழிக்குறியோடு இன்னொரு நேம் வரி எழுதலாம். டெஸ்க்டாப்பின் மொழி தமிழாக இருந்தால் மெனுவில் அந்தப் பெயர்தான் தெரியும். தேடல் சொற்களுக்கான ‘கீவேர்ட்ஸ்’ வரிக்கும் அப்படியே தமிழ் வடிவம் உண்டு. பிளெண்டருக்கு அதில் ‘முப்பரிமாணம்’, ‘அசைவூட்டம்’ என்று சேர்த்தேன். இப்போது தேடல் பெட்டியில் ‘முப்’ என்று தட்டினாலே பிளெண்டர் வந்துவிடுகிறது.