மகாலில் சுண்ணாம்பு வேலை

பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசும் வேலையில் மேற்பார்வையாளராக இருந்தேன். செட்டிநாட்டு வீடுகள், கோயில் மண்டபங்கள் என்று பல இடங்களில் வேலை பார்த்திருந்தாலும், திருமலை நாயக்கர் மகாலில் நின்றபோதுதான் ஒரு வீடு எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது என்பது பிடிபட்டது.

பூச்சை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். 'டொப்'பென்று சத்தம் வந்தால் செங்கல்லை விட்டு விலகிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் கரண்டி முனையால் பெயர்த்தால் வெள்ளை, காவி, மறுபடி வெள்ளை என்று வர்ணங்கள் அடுக்கடுக்காய் வரும். எல்லாவற்றுக்கும் அடியில் வழவழவென்று பழைய பூச்சு இருக்கும். சுண்ணாம்பை முட்டை வெண்கருவோடு அரைத்துத் தேய்த்த பூச்சு அது. கையை எடுக்கவே மனசு வராது. ஓர் ஒப்பந்தக்காரர் சிமெண்ட் வைத்துச் சீக்கிரம் முடிக்கலாம் என்றார். எங்கள் பெரிய கொத்தனாருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "சிமெண்டப் பூசுனா சொவரு மூச்சு விடாது தம்பி. உள்ள இருக்கிற ஈரம் உப்பாப் பூத்து மொத்தத்தையும் தள்ளிரும்" என்றார். சுண்ணாம்பை ஊறப்போட்டு, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுத்தான் பூசினோம்.

1636-இல் கட்டிய அரண்மனை இது. இன்று நாம் பார்ப்பது ஏறக்குறைய கால் பங்குதான். நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்த பகுதிகளைப் பெயர்த்துக்கொண்டு போனார். அவரைத் திட்டாத மதுரைக்காரர் கிடையாது. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை யாரும் பேசுவதில்லை. கம்பெனி காலத்தில் பட்டாளம் தங்கியது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு, இடிந்ததைச் செப்பனிட ஏற்பாடு செய்தார். பிறகு ஜில்லா கோர்ட் வந்தது. 1970 வரை வக்கீல்களும் குமாஸ்தாக்களும் வாய்தாவுக்கு வந்த கட்சிக்காரர்களும் இந்தத் தூண்களுக்கு நடுவேதான் நடமாடினார்கள். அதன்பின் தொல்லியல் துறை.

கோர்ட் அலங்கோலப்படுத்திவிட்டது என்று சொல்பவர்கள் பத்துத்தூண் சந்துக்கு ஒரு நடை போய் வரட்டும். அதே அரண்மனையின் இன்னொரு பகுதியான ரங்கவிலாசம் அங்கேதான் இருந்தது. ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பத்துக் கல்தூண்கள் மட்டும் நிற்கின்றன. மேலே கூரையும் இல்லை, பக்கத்தில் சுவரும் இல்லை. நவபத்கானா என்ற வாத்தியக்காரர்கள் மண்டபம் இருந்த இடத்தில் தெருப்பெயர்தான் மிச்சம். இன்று மகால் என்று நாம் பார்க்கும், ஆள் புழங்கிய சொர்க்கவிலாசம் மட்டும் நின்றது. மழை ஒழுகினால் கோர்ட்டில் கட்டு கட்டாய்க் காகிதம் நனையும். அதற்காகவாவது கூரையைப் பார்த்தே ஆக வேண்டும். அரசனின் பெருமைக்காக மட்டும் யாரும் இத்தனை காலம் ஓடு மாற்றியிருக்க மாட்டார்கள் என்பது என் தீர்மானம்.

வேலை நடந்தபோது உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வயதானவர் ஒருவர் பேரப்பிள்ளைகளோடு வந்தார். சிம்மாசன மேடைப் பக்கம் போகாமல் நேரே ஓர் ஓரத்துத் தூணைக் காட்டி, "இங்க உக்காந்துதான் எங்கய்யா கூப்பிடுற வரைக்கும் காத்துக் கெடந்தாரு. வரப்புத் தகராறு. கட்டுச்சோறு கொண்டாருவோம்" என்றார். கொத்தனார் சாரத்திலிருந்து இறங்கி வந்து, "தீர்ப்பு யாருக்குய்யா ஆச்சு?" என்று கேட்டார். "எங்களுக்குத்தான்" என்று சிரித்தார் அவர்.

மகாலைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் நாயக்கரின் கொலுவைச் சொல்லட்டும். கூடவே அந்த வரப்புத் தகராறுக்காரர்களையும் சொல்ல வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.