வேல்ஸில் பார்த்த கல்வேலி

பர்கூர் பக்கம் எங்கள் மாந்தோப்பைச் சுற்றி நிற்பவை எல்லாம் அப்பா உடைத்த கல்லுக்கால்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஆப்பு வைத்த தடம் பல்வரிசை மாதிரி தெரியும். கிருஷ்ணகிரியில் எந்தக் காட்டு வழியில் போனாலும் இந்த வேலிதான். அதனாலேயே நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. 2023 ஜூனில் பிரிட்டனின் வடக்கு வேல்ஸில்தான் காரை நிறுத்தச் சொல்லி ஒரு கல்வேலியைப் பார்த்தேன்.

தம்பி மான்செஸ்டரில் இருக்கிறான். "மலை பார்க்கலாம் வாக்கா" என்று கூட்டிப்போனான். மலை என்றால் ஸ்னோடன். அந்த ஊர்க்காரர்கள் 'எர் வித்வா' என்கிறார்கள். 1,085 மீட்டர். உயரத்தில் நம் ஏற்காடே ஜாஸ்தி. அன்றைக்கு மேகம் மூடி மலை கண்ணிலேயே படவில்லை, அது வேறு.

பெதஸ்டா என்ற ஊர்ப் பக்கம்தான் அந்த வேலி. கருநீலச் சிலேட்டுப் பலகைகளை நெருக்கமாக நட்டு, தலைப்பக்கம் கம்பியால் ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஆடுகள். நம் ஊர்க் கல்லுக்கால் கனமாக, இடைவெளி விட்டு நிற்கும். இது பலகை பலகையாக, மெலிசாக. ஆனாலும் ஒரே சாதிச் சனம் மாதிரி இருந்தது.

ஒன்றாம் வகுப்பில் கோவை இலை தேய்த்துத் துடைத்தோமே, அதே சிலேட்டுதான். நம் நாட்டில் அதற்குப் பேர்போன ஊர் ஆந்திராவின் மார்க்காபூர். வேல்ஸ் சிலேட்டு முக்கியமாகக் கூரைக்குப் போனது. அந்த நிலப்பரப்பை யுனெஸ்கோ 2021இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அப்புறம் லான்பெரிஸ் போனோம். அந்த முதல் எழுத்தை நம் 'ல' மாதிரி சொல்லக் கூடாதாம். நாக்கை 'ல' சொல்ல வைத்துக்கொண்டு, குரல் இல்லாமல் இரண்டு பக்கமும் காற்றை ஊத வேண்டும். எனக்கு எச்சில்தான் தெறித்தது. அங்கே 1969இல் மூடிய டினோர்விக் குவாரியின் பழைய பட்டறையே அருங்காட்சியகம். நுழைவு இலவசம். (2024 நவம்பரில் புதுப்பிக்க மூடினார்கள், போகிறவர்கள் திறந்தாயிற்றா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.)

ஒருவர் உட்கார்ந்து பலகையைத் தொடையில் சாய்த்து, அகலமான மெல்லிய உளியை ஓரத்தில் வைத்து மரச்சுத்தியால் தட்டினார். கல் திறந்துகொண்டது. இரண்டு, நான்கு, எட்டு. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினோம். "என்னம்மா இது, கல்லா வெங்காயமா?" என்றார். அவருக்கு ஒரு கல் பிளக்க, வாட்டம் பார்த்து, வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி அரைநாள் ஆகும். சிலேட்டு சுமார் 50 கோடி வருஷத்துக்கு முன் படிந்த சேறு, மலை எழும்பிய அழுத்தத்தில் இறுகி ஏடு ஏடாகப் பிரிகிறது. நம் பாறைக்கு வயது 250 கோடி. அதற்கு ஏடும் இல்லை, இரக்கமும் இல்லை.

வெட்டிய பலகைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்: 24க்கு 12 அங்குலம் டச்சஸ், 20க்கு 10 கவுண்டஸ், 16க்கு 8 லேடி. எல்லாம் சீமாட்டிகளின் பட்டங்கள். உடைத்தவன் வீட்டுப் பெண்ணின் பெயர் எதற்கும் இல்லை.

அங்கே தொழிலாளர் வீடுகளை இடம் மாற்றி அப்படியே கட்டியிருக்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது, 1901இல் இருந்த மாதிரி அமைத்த வீட்டில். பெதஸ்டாவின் பென்ரின் குவாரியில் 1900 முதல் 1903 வரை மூன்று வருஷம் வேலைநிறுத்தம். வேலைக்குத் திரும்பாதவர்கள் ஜன்னலில் ஒரு அட்டை வைத்தார்கள்: 'இந்த வீட்டில் துரோகி இல்லை'. முதலாளி குடும்பத்துக்கோ பக்கத்திலேயே கோட்டை. அதன் செல்வத்தில் ஜமைக்கா கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பும் உண்டு.

சாப்பாட்டுக் குடிசையைக் 'கபான்' என்கிறார்கள். டீ குடித்துக்கொண்டே அங்கே கவிதை, பாட்டு, அரசியல் எல்லாம் நடக்குமாம். அப்பா தூக்குப் போசியில் களி கொண்டுபோய்ப் புளிய மரத்தடியில் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. அங்கேயும் பாட்டு உண்டு, அட்டவணை போட்டு யாரும் எழுதி வைக்கவில்லை.

சிலேட்டுத் தூசு நுரையீரலை அரித்தது. குவாரி டாக்டர்கள் தூசைக் குற்றம் சொல்லாமல், தொழிலாளிகள் கொதிக்க வைத்துக் குடிக்கும் டீயைக் குற்றம் சொன்னார்கள். நஷ்டஈட்டுக்குச் சட்டம் வந்தது 1979இல். அதற்குள் பெரிய குவாரிகள் பல மூடியாயிற்று. அப்பாவின் இருமலுக்கு ஒரு டாக்டர் பீடியைக் காரணம் சொன்னார். அப்பா பீடி குடித்ததே இல்லை.

ஊருக்கு வந்து அப்பாவிடம் அந்த வேலியின் போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை அடி ஆழம் தோண்டி நட்டிருக்காங்க?" என்றார். அதை நான் கேட்டுவரவில்லை.