டோப் டெஸ்ட் அறைக்குள் என்ன நடக்கும்?

முதல்முறை சர்வதேசப் போட்டிக்குப் போகும் தங்கைகள் சிலர் டோப் டெஸ்ட், அதாவது ஊக்கமருந்துச் சோதனை பற்றிக் கேட்டார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

400 மீட்டர் முடிந்து ஸ்பைக்ஸைக் கழற்றுவதற்குள் ஒருவர் படிவத்தோடு வந்துவிட்டார். கையெழுத்துப் போட்டபின் அவர் நம்மை விட்டு நகர மாட்டார். பதக்கம் வாங்கலாம், பேட்டி கொடுக்கலாம், எல்லாம் அவர் கண்ணெதிரே. தண்ணீர் குடித்தால் சீல் உடைக்காத பாட்டிலில் மட்டும் குடியுங்கள்.

அறையில், சீல் பிரிக்காத கோப்பைகளில் ஒன்றை நாமே எடுக்க வேண்டும். அப்புறம்தான் சங்கடம். பனியனை மேலே தூக்கி, ஷார்ட்ஸை முழங்காலுக்கு இறக்கி, பெண் அதிகாரி ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கச் சிறுநீர் கழிக்க வேண்டும். ஒளித்து வைத்த பையிலிருந்து வேறொருவர் சிறுநீரை ஊற்றியவர்கள் இருந்திருக்கிறார்களே! எனக்கு வரவே இல்லை. ஓடிக் களைத்த உடம்பில் தண்ணீர் ஏது? கொஞ்சம் வந்தது, ஆனால் 90 மில்லி வேண்டுமாம். அதைச் சீல் வைத்துவிட்டு மறுபடி உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு கஜகஸ்தான் வீராங்கனைக்கும் அதே கதி. பாஷை தெரியாமலே சிரித்துக்கொண்டோம். அவசரப்பட்டு லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள். ரொம்ப நீர்த்துப்போனால் இன்னொரு சாம்பிள் கேட்பார்கள்.

ஏ, பி என்ற இரண்டு பாட்டில்களிலும் ஊற்றி மூடுவதும் நாம்தான். கடக் கடக் என்ற சத்தம் நிற்கும்வரை மூடியைத் திருக வேண்டும். திறக்கவே முடியாது என்று நம்பப்பட்ட பாட்டில்களைத்தான் 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ரஷ்யர்கள் திறந்து, ஆய்வகச் சுவரின் ஓட்டை வழியாக சாம்பிளை மாற்றினார்கள். அதனால் பாட்டில், மூடி, படிவம் எல்லாவற்றின் எண்ணையும் நானே வாசித்துச் சரிபார்த்தேன். அதிகாரி பொறுமையாகக் காத்திருந்தார்.

கடைசியாக, கடந்த 7 நாளில் சாப்பிட்ட மருந்து, சப்ளிமென்ட். இருமல் டானிக், லேகியம், புரோட்டீன் பவுடர் எதையும் விடாமல் எழுதுங்கள். எழுதிவிட்டால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. 'கோச் கொடுத்தார்' என்பதும் எடுபடாது, உடம்பில் இருந்தால் பொறுப்பு நம்முடையது. 2019 தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்ற நம் கோமதி மாரிமுத்து, தடைசெய்யப்பட்ட எதையும் எடுக்கவில்லை என்றுதான் சொன்னார். இருந்தும் தங்கம் போனது, 4 ஆண்டுத் தடையும் வந்தது.

படிவ நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். 10 ஆண்டு வரை சாம்பிளை எடுத்து மறுபடி சோதிக்க அவர்களுக்கு உரிமை உண்டு.