முதலில் ரோடு, அப்புறம் வாஷிங்டன்

மார்ச் மாதம் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பனிச்சறுக்குக்குப் போவார்கள். நான் போனது ஓர் ஊர்க்கூட்டத்தைப் பார்க்க. மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய் அங்கே ‘டவுன் மீட்டிங் டே’, மாநில விடுமுறை. ஊர் மக்களே கூடி, வரவு செலவைப் பேசி, வாக்களித்து முடிவெடுக்கும் நாள்.

2025-இல் அது மார்ச் 4. கனடாப் பொருட்களுக்கு 25 சதவீத வரி அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அன்று இரவு டிரம்ப் நாடாளுமன்றத்தில் பேச இருந்தார். நாலு நாள் முன்புதான் வெள்ளை மாளிகையில் உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியோடு அந்த வாக்குவாதம். அதற்கு மறுநாள் துணை அதிபர் வான்ஸ் குடும்பத்தோடு வெர்மான்ட்டுக்குப் பனிச்சறுக்கு வந்தபோது, சாலையோரம் பதாகைகளோடு மக்கள் நின்றிருந்தார்கள். கூட்டத்தில் என்ன வெடிக்குமோ என்ற யோசனையோடுதான் போனேன்.

நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, முன்கூட்டியே சொல்லிவிட்டார்: “நீங்கள் பார்க்கலாம். ஆனால் வாக்காளர்களோடு உட்கார முடியாது. சபை சம்மதித்தால்தான் பேசவும் முடியும்.”

பள்ளி உடற்பயிற்சிக் கூடம்தான் சபை. வாசலில் சேறு அப்பிய பூட்ஸ்கள். பனி உருகும் மாதம் என்பதால் மண் சாலையெல்லாம் களியாகிக் கிடந்தது. எனக்குப் பின்வரிசையில் ஒரு மடக்கு நாற்காலி கிடைத்தது. காலை முழுக்க ரோடு பற்றிய பேச்சுதான். மண் சாலையைச் சமன்படுத்தும் கிரேடர் வண்டி பழசாகிவிட்டது, புதிது வாங்குவதா, இன்னும் ஒரு வருடம் ஓட்டுவதா? இதற்கே ஒன்றேகால் மணி நேரம். ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பழைய வண்டியின் எந்தப் பாகம் எப்போது உடைந்தது என்று வரிசையாகச் சொன்னார். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள்.

மதியம் பீன்ஸ், சூப், பை (pie). ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்திருந்தார்கள்.

கடைசியில் ‘இதர விஷயங்கள்’ வந்தது. இந்த நேரத்தில் எடுக்கும் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஊர்க்கூட்டங்களின் குரல் லேசானதல்ல. 1982-இல் இதே மாநிலத்தில் 150-க்கும் மேற்பட்ட ஊர்கள், அணு ஆயுதப் பெருக்கத்தை நிறுத்தச் சொல்லி இப்படித்தான் வாக்களித்தன.

மேப்பிள் சிரப் காய்ச்சும் ஒரு பெண் எழுந்தார். மேப்பிள் மரத்திலிருந்து சாறு இறங்குகிற நேரம் இது. நாற்பது காலன் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு காலன் சிரப். அவருடைய குழாய், அடுப்பு எல்லாமே கனடாவின் கியூபெக்கிலிருந்து வருகின்றன. வரியை எதிர்த்து வாஷிங்டனில் இருக்கும் நம் பிரதிநிதிகளுக்கு ஊர் சார்பில் கடிதம் போக வேண்டும் என்றார்.

கைதட்டல் எழ, கூட்டத்தை நடத்தும் மாடரேட்டர் கையைக் காட்டி நிறுத்தினார். கைதட்டினால் மாற்றுக் கருத்துள்ளவர் எழுந்திருக்கத் தயங்குவார் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவ்வளவு தூரம் போனது தகும்.

காலையில் கிரேடர் பற்றிப் பேசிய அதே தொப்பிக்காரர் எழுந்தார். “நான் டிரம்புக்கு வாக்களித்தவன். இந்த மாநிலத்தில் 10,000-க்கு மேல் பால் பண்ணைகள் இருந்தன. இப்போது சுமார் 500. என் மாடுகளை விற்றபோது இந்த ஊர் யாருக்குக் கடிதம் எழுதியது?”

அமைதியாகிவிட்டது. வெர்மான்ட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் டிரம்புக்கு வாக்களித்திருந்தார்கள். அந்தக் கூடத்திலும் அவர் தனியாள் இல்லை. ஆனால் எழுந்து சொன்னவர் அவர்தான். பதில் சொன்னவர்களும் அவரைப் பார்த்துப் பேசவில்லை. விதிப்படி மாடரேட்டரைப் பார்த்தே பேசினார்கள். முகத்துக்கு நேரே வார்த்தை பாயாதபோது சண்டை மூள்வதில்லை, விஷயம் மட்டும் நிற்கிறது. ஒருவர் பேச ஐந்து பேர் கத்தும் டிவி விவாதங்களைப் பார்த்துப் பழகிய எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆசிரியை அம்மா எழுந்து, கடிதத்தில் பால் விலையையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். குரல் வாக்கெடுப்பு வேண்டாம், சீட்டு வேண்டும் என்று ஏழு பேர் கை தூக்கினார்கள். ஏழு பேர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், சட்டம் அப்படி. வரிசையில் நின்று மரப்பெட்டியில் சீட்டுப் போட்டார்கள். கடிதம் நிறைவேறியது. தொப்பிக்காரர் என்ன எழுதிப் போட்டார் என்று தெரியாது.

கடிதம் எழுதும் பொறுப்பு அந்த அம்மாவுக்கே வந்தது. இரவு ஒன்பது மணிக்கு டிரம்ப் பேச்சு தொடங்கியது. அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, சமையல் மேசையில் காகிதத்தோடு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எழுதி, பேனாவை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். தொப்பிக்காரர் அவரிடம் படித்தவராம்.

“நான்தான் பேசுகிறேன். கடைசியாக விற்றபோது உன்னிடம் எத்தனை மாடு இருந்தது? சரியான எண்ணிக்கை சொல்லு, எழுத வேண்டும்.”